நெபோவிலிருந்து எருசலேமுக்கு: கேட்டும் கிடைக்காதவர்களின் வழியில்

ஞாயிறு: மாதபா, நெபோ மலை

ஜெபம் கேட்கப்பட்ட இடங்களைப் பார்க்கத்தான் பெரும்பாலும் எல்லோரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். கானா, கப்பர்நகூம், பெதஸ்தா குளம் என்றுதான் பயணத் திட்டங்கள் போகும். நாங்கள் சேர்ந்திருக்கும் குழு யோர்தான் நாட்டின் வழியாக உள்ளே போகிறது. அப்படிப் போனால் முதலில் வருவது நெபோ. மோசே கெஞ்சிக் கேட்டும் கர்த்தர் முடியாது என்று சொன்ன தேசத்தை, அவர் ஏறிநின்று பார்த்த மலை. அக்காவை அழைத்துக்கொண்டு வர இந்த வழிதான் சரி என்று எனக்குத் தோன்றியது.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. சபையே உபவாச ஜெபம் இருந்தது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது, அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. அக்கா சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். அப்புறம் தொற்று வந்தது. மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் கொடுப்பார்கள். அந்த நிலையில் சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். அத்தான் போய்விட்டார். சாட்சி சொன்ன அதே சபையில் அடக்க ஆராதனை நடந்தது. அதற்குப் பிறகு அக்கா ஆலயத்துக்குப் போவதை நிறுத்தவில்லை, வேதம் வாசிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஆண்டவரிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். "ஸ்தோத்திரம் மட்டும் சொல்றேன் தம்பி. கேட்கிற வேலை வேண்டாம்" என்பாள்.

காலையில் மாதபாவில் புனித ஜார்ஜ் ஆலயத்தின் தரையில் இருக்கும் மொசைக் வரைபடத்தைப் பார்த்தோம். 6-ஆம் நூற்றாண்டில் சின்னச் சின்னக் கற்களைப் பதித்துச் செய்தது. யோர்தான் ஆறு சாக்கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மீன், உப்பு நீரைக் கண்டு திரும்பி மேல்நோக்கி நீந்துகிறது. அக்கா அந்த மீனைத்தான் வெகுநேரம் பார்த்தாள்.

நெபோவில் காற்று பலமாக அடித்தது. 1930-களில் பிரான்சிஸ்கன் துறவிகள் இந்த இடத்தை வாங்கி அகழ்ந்தார்கள். பழைய ஆலயத்தின் மொசைக் தரைகளுக்கு மேலே இப்போது புதிய கட்டடம் இருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் கால் தானாக மலை விளிம்புக்குத்தான் போகிறது. கீழே பள்ளத்தாக்கு, அதன் நடுவே பச்சைக் கோடாக யோர்தான் கரை, இடப்பக்கம் சாக்கடல், எதிரே எரிகோ, அதற்குப் பின்னால் மங்கலாக யூதேயா மலைகள். வானம் தெளிவாக இருந்தால் எருசலேமின் கோபுரங்கள்கூடத் தெரியுமாம். இன்று புழுதி மூட்டம். எருசலேம் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

நாற்பது வருஷம் நடந்து வந்தவருக்கு அந்தத் தூரம்தான் பாக்கி. உபாகமம் 3-ஆம் அதிகாரத்தில் மோசே தன் ஜெபத்தைத் தானே திருப்பிச் சொல்கிறார். நான் கடந்துபோய் அந்த நல்ல தேசத்தைப் பார்க்கும்படி உத்தரவு தாரும் என்று கெஞ்சினேன், கர்த்தரோ, "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்று சொல்லிவிட்டார் என்கிறார். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார், அதுவும் ஜனங்கள் எல்லோருக்கும் முன்னால். தன் ஜெபம் மறுக்கப்பட்டதை ஒரு தலைவர் தன் சபைக்கு இப்படிச் சொன்னதை நான் கேட்டதில்லை. நம்முடைய சாட்சிக் கூட்டங்களில் கிடைத்தவர்கள் மட்டும்தானே எழுந்து நிற்கிறோம்.

எங்களோடு வந்திருக்கும் போதகர் ஐயா மத்தேயு 17-ஐ வாசித்தார். மறுரூப மலையில் இயேசுவோடு மோசேயும் எலியாவும் நிற்கிறார்கள். "பார்த்தீர்களா, கடைசியில் மோசே அந்தத் தேசத்துக்குள் வந்து நின்றுவிட்டார்" என்றார். நல்ல செய்திதான். நானும் பலமுறை அதில் ஆறுதல் அடைந்திருக்கிறேன்.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அது சரிங்க ஐயா. ஆனா அன்னைக்கு இங்க நின்னப்போ அவருக்கு அது தெரியாதுல்ல?"

ஐயா சட்டென்று பதில் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்து, "தெரியாதும்மா" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

எனக்கு அந்த இடத்தில் பெரிதாகப் பட்டது வேறொன்று. மறுத்த கர்த்தர்தான் மலைமேல் கூட இருந்து தேசம் முழுவதையும் காட்டுகிறார். உபாகமம் 34-இன்படி மோசேயை அடக்கம் பண்ணியதும் அவர்தான். கேட்டதைக் கொடுக்கவில்லை, ஆனால் கிழவரைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் இல்லை. இதை வைத்து அக்காவுக்கு ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். சில உண்மைகளை அவரவரே பார்த்து எடுத்துக்கொள்ள விட்டுவிட வேண்டும்.

திங்கள்: மக்கேரஸ்

நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் ஒருவர், "மோசேக்கு மறுத்ததற்குக் காரணம் இருக்கிறதே, கர்த்தர் பேசச் சொன்ன கன்மலையை மேரிபாவில் அடித்தாரே" என்றார். வேதம் அப்படித்தான் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொண்டு, கிடைக்காத ஒவ்வொருவரிடமும் போய்க் குற்றம் தேடுவது எனக்குப் பொறுக்காத காரியம். அத்தான் இறந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த ஒரு சகோதரி அக்காவிடம், "எங்கேயோ விசுவாசத்துல குறை வந்திருக்கும்மா, யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை இன்னும் அக்காவுக்குள் இருக்கிறது. இன்றைய இடம் அந்த வார்த்தைக்கு நேர் பதில்.

மக்கேரஸ் ஒரு கோட்டை. யோவான் ஸ்நானகனைக் கொல்ல உத்தரவிட்ட ஏரோது அந்திப்பாவின் தந்தை, பெரிய ஏரோது அதைப் புதுப்பித்துக் கட்டினான். சாக்கடலுக்குக் கிழக்கே, கடல் மட்டம் எங்கேயோ பாதாளத்தில் கிடக்க, ஒரு கூம்பு மலையின் உச்சியில் நிற்கிறது. அருகில் இருக்கும் ஊருக்கு முக்காவிர் என்று பெயர். யோவான் ஸ்நானகன் இங்கேதான் சிறைவைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். சுவிசேஷங்கள் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை.

வண்டியை விட்டு இறங்கி வளைந்து வளைந்து ஏற வேண்டும். நிழல் கிடையாது. மேலே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அகழ்ந்தெடுத்த அடிச்சுவர்கள், ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, மறுபடி தூக்கி நிறுத்திய தூண்கள். யோவானின் தலையைக் கேட்ட அந்த விருந்து நடந்த முற்றம் எது என்று வழிகாட்டி காட்டினார். அது உண்மையிலேயே சின்ன இடம். சிறை எங்கே இருந்தது என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. சரிவுகளில் குகைகள் தெரிகின்றன, ஒன்றின் வாசலில் ஆடுகள் படுத்திருந்தன.

இங்கிருந்துதான் யோவான் தன் சீஷர்களை அனுப்பிக் கேட்டார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். யோர்தானில் நின்று, இதோ தேவ ஆட்டுக்குட்டி என்று விரல் நீட்டிக் காட்டியவரே இவர்தான். அவருக்கே சிறையில் சந்தேகம் வந்திருக்கிறது.

இயேசு சொல்லி அனுப்பிய பதிலை நான் இன்று மலை உச்சியில் சத்தமாக வாசித்தேன். குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்படுகிறது. ஏசாயாவின் வரிகளை நினைவில் வைத்துச் சொன்ன பதில் இது. ஆனால் ஏசாயா 61-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்றும் இருக்கிறது. நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு அதைச் சேர்த்துத்தான் வாசித்தார். சிறையில் இருக்கும் யோவானுக்கு அனுப்பிய பதிலில் மட்டும் அது இல்லை. வேதத்தை மனப்பாடமாக அறிந்த யோவானுக்கு, எது விடுபட்டது என்று புரியாமல் இருந்திருக்குமா?

அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி: "என்னிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் எவனோ அவன் பாக்கியவான்." உன்னை வெளியே எடுக்கப் போவதில்லை, ஆனாலும் என்னை விட்டுவிடாதே என்று கேட்பதுபோல அது எனக்குக் கேட்டது.

எனக்கு இதைவிட முக்கியமாகப்பட்டது அடுத்து வருவது. அந்தச் சீஷர்கள் திரும்பிப் போன உடனே இயேசு கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவான் ஸ்நானகனைப் பார்க்கிலும் பெரியவன் ஒருவனும் இல்லை என்கிறார். எப்போது? அவர் சந்தேகப்பட்டுக் கேட்டனுப்பிய அதே நாளில். யோவானுக்கு விசுவாசம் குறைவு என்று அவர் சொல்லவில்லை. அப்படியிருக்க, அடக்க ஆராதனை முடிந்து கண்ணீர் காயாத ஒரு பெண்ணிடம் அதைச் சொல்ல நமக்கு என்ன உரிமை? தயவுசெய்து யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். சொல்லத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும், ஒரு காபி போட்டுக் கொடுத்தாலே போதும்.

யோவான் கொல்லப்பட்டதைக் கேட்டதும் இயேசு படகேறித் தனியாக ஒரு வனாந்தரமான இடத்துக்குப் போனார் என்று மத்தேயு எழுதுகிறார். இறங்கும்போது அக்கா அதைத்தான் பேசிக்கொண்டே வந்தாள். "அவருக்கும் தாங்கலைல்ல தம்பி. காப்பாத்தியிருக்கலாம், காப்பாத்தலை. ஆனா அவருக்கும் தாங்கலை."

செவ்வாய்: யோர்தான் கரை, பிறகு பாலம்

இயேசு ஞானஸ்நானம் பெற்றதாகக் கருதப்படும் கிழக்குக் கரை, அல்-மக்தாஸ். யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. யோர்தான் என்றவுடன் நம் மனதில் ஒரு பெரிய ஆறு ஓடும். இங்கே கலங்கலான ஒரு ஓடை, இரண்டு பக்கமும் நாணல். மேலே பாசனத்துக்கும் குடிநீருக்கும் எடுத்தது போக மிச்சம் வருவது இவ்வளவுதான். அக்கரை வேறு நாட்டின் கட்டுப்பாட்டில். சில மீட்டர் தூரத்தில் வெள்ளை உடுத்திய இன்னொரு குழு தண்ணீரில் இறங்கிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு சின்ன மேடு. எலியா சுழல்காற்றில் ஏறிப்போன இடம் என்பது மரபு. போதகர் ஐயா அங்கே வைத்து 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்தார். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். சாக வேண்டும் என்று கேட்ட ஜெபம் அது. கர்த்தர் அதற்குச் செவிகொடுக்கவில்லை. திட்டவும் இல்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தார். கேட்டபடி நடந்திருந்தால் இந்த மேட்டுக்கு எலியா வந்திருக்கவே மாட்டார் என்றார் ஐயா.

வண்டிக்குத் திரும்பும் வழியில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லலை தம்பி. கடைசி வாரத்துல ஒரு ராத்திரி உங்க அத்தான் என்கிட்ட, 'நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைப் பிடிச்சு வச்சிருக்கீங்க. நான் ஆண்டவர்கிட்ட என்னை எடுத்துக்கோங்கன்னு கேட்டுட்டேன், நீயும் விட்டுடு'ன்னார். நான் விடலை. கடைசி நிமிஷம் வரைக்கும் விடலை."

நான் என்ன சொல்வேன்? நாங்கள் எல்லோரும் முழங்காலில் நின்று ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், யாருக்காகக் கேட்டோமோ அவர் வேறொன்றைக் கேட்டிருக்கிறார். பதிலே வரவில்லை என்று இத்தனை நாளாக நாங்கள் சொல்லிவந்தோம். அன்று மேலே போய்ச் சேர்ந்த ஜெபம் ஒன்றல்ல, இரண்டு. இதனால் அக்காவின் பாரம் குறைந்ததா, கூடியதா என்று எனக்குத் தெரியவில்லை. அதை என்னிடம் சொல்லிவிட்டாள் என்பதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

பாலத்தைக் கடந்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யோர்தான் பக்கத்தில் மன்னர் ஹுசைன் பாலம், அந்தப் பக்கத்தில் ஆலன்பி பாலம் என்கிறார்கள். பாஸ்போர்ட், பெட்டி, கேள்வி, காத்திருப்பு. மாலையில் எரிகோ. இரவு எருசலேம்.

புதன்: பெத்தானியா

பெத்தானியாவில் மார்த்தாள், மரியாளின் சகோதரன் லாசரு வியாதியாயிருக்கிறான் என்ற செய்தி வந்தபோது இயேசு எங்கே இருந்தார் என்று யோவான் 10-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் சொல்கின்றன. யோர்தானுக்கு அக்கரையில், யோவான் முன்னே ஞானஸ்நானம் கொடுத்த இடத்தில். அதாவது நேற்று நாங்கள் நின்ற பக்கம். கடல் மட்டத்துக்கு நானூறு மீட்டர் கீழே கிடக்கும் அந்தப் பள்ளத்திலிருந்து பெத்தானியாவுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். வறண்ட மலைகள், ஒரு மரம் இல்லை. நடந்தால் முழுசாக ஒரு நாள்.

பெத்தானியா எருசலேமுக்கு ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் இருந்தது என்று யோவான் எழுதியிருக்கிறார். இப்போது இடையில் எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட் சுவர் நிற்கிறது. பேருந்து வெகுதூரம் சுற்றித்தான் வருகிறது. பக்கத்து ஊருக்குப் போக இப்படிச் சுற்ற வேண்டியிருக்கிறதே என்று மனசு கனத்தது. அந்த ஊர் மக்களுக்கு இது தினசரி வாழ்க்கை.

1950-களில் கட்டப்பட்ட லாசரு ஆலயத்தைத் தாண்டி, மசூதியை ஒட்டிய சந்தில் கல்லறையின் வாசல். உள்ளே செங்குத்தான, தேய்ந்து வழுக்கும் படிகள். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்க முடிகிறது. கீழே ஒரு சின்ன அறை, அங்கிருந்து குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து, இன்னும் கீழே இருக்கும் அறைக்குள் போக வேண்டும். ஈரக்கல்லின் வாசனை. மூன்று நான்கு பேர் நின்றாலே மூச்சு முட்டும். அக்காவுக்கு முழங்கால் வலி. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, இறங்கிவிட்டாள்.

மேலே வந்து நிழலில் உட்கார்ந்தபோது விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "சொல்லி அனுப்பின ஆள் போக ஒரு நாள். அவர் அங்கேயே தங்கினது ரெண்டு நாள். இங்க வர ஒரு நாள். மொத்தம் நாலு நாள். அவர் வந்தப்போ லாசருவைக் கல்லறையில வச்சும் நாலு நாளாச்சு. அப்போ செய்தி போய்ச் சேருறதுக்குள்ளயே லாசரு போயிட்டார் போல."

"அப்ப உடனே கிளம்பியிருந்தாலும் உயிரோட பார்த்திருக்க முடியாதுக்கா" என்றேன்.

"ஆனா நூற்றுக்கு அதிபதியோட வேலைக்காரனுக்கு இருந்த இடத்துல இருந்தே ஒரு வார்த்தை சொன்னாரே. இங்கேயும் சொல்லியிருக்கலாம்ல?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. வேதமும் அதை விளக்கவில்லை. அவர்களிடத்தில் அன்பாயிருந்தார் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே அவர் இரண்டு நாள் தங்கினதைச் சொல்கிறது.

மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக வந்து சொன்னது ஒரே வாக்கியம். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." அந்த நாலு நாளும் சகோதரிகள் இருவரும் இதையே ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி மாய்ந்திருப்பார்கள். துக்க வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரே வாக்கியம்தான் சுற்றிச் சுற்றி வரும். வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், ஒரு நாள் முன்னால் கவனித்திருந்தால், அவர் மட்டும் மனசு வைத்திருந்தால். அந்தச் சகோதரிகள் அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் நேராக அவருடைய முகத்துக்கு முன்னால் கொண்டுபோய்ச் சொன்னார்கள். இயேசு கோபப்படவில்லை. கண்ணீர் விட்டார்.

விசுவாசம் என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன். வருத்தத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. குறையிருந்தால் அவரிடமே போய்ச் சொல்லும் அளவுக்கு அவரை நெருக்கமாக வைத்துக்கொள்வது. நம்பாத ஆளிடம் நாம் சண்டை போட மாட்டோம், பேச்சையே விட்டுவிடுவோம். அக்கா இத்தனை நாள் செய்த ஸ்தோத்திரத்தைக் குறை சொல்லவில்லை. அவளிடமிருந்து ஆண்டவர் இந்த வாக்கியத்துக்காகவும் காத்திருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வியாழன்: கெத்செமனே, சேவல் கூவின ஆலயம்

காலையில் ஒலிவ மலை மேலே பாட்டர் நோஸ்டர் ஆலயம். கர்த்தருடைய ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் எழுதிச் சுவரெல்லாம் பதித்திருக்கிறார்கள். தமிழும் இருக்கிறது. எங்கள் குழுவில் எல்லோரும் அதற்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டோம்.

அங்கிருந்து இறங்கினால் கெத்செமனே. வேலிக்குள் எட்டுப் பழைய ஒலிவ மரங்கள். முண்டும் முடிச்சுமாய் அடிமரம், உள்ளே பொந்து விழுந்து, ஆனால் உச்சியில் இளம் இலைகள். 2012-இல் வெளியான ஆய்வில் மூன்று மரங்களின் தண்டு 11, 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கண்டார்கள். இயேசு பார்த்த மரங்கள் இவையல்ல என்றாலும், எண்ணூறு வருஷத்துக்கு மேலாக இங்கே வந்து அழுதவர்களை இவை பார்த்திருக்கின்றன.

1924-இல் கட்டிமுடித்த ஆலயத்தின் ஜன்னல்கள் ஊதா நிறம். பட்டப்பகலிலும் உள்ளே இரவுபோல இருக்கும்படி வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பலிபீடத்துக்கு முன்னால் வெறும் பாறை, அதைச் சுற்றி முள்முடி வடிவத்தில் இரும்பு வேலி. மண்டியிட்டுக் குனிந்தால் பாறையைத் தொடலாம். குளிர்ச்சியாக, சொரசொரப்பாக இருந்தது.

சிலுவைக்கு முந்தின இரவில் இங்கேதான் இயேசு, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று மூன்றுமுறை கேட்டார், அதே வார்த்தைகளைச் சொல்லி. ஒருமுறை கேட்டால் போதும், திரும்பக் கேட்பது அவிசுவாசம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குமாரனே மூன்றுமுறை கேட்டார். எல்லாம் உம்மாலே கூடும் என்று சொல்லித்தான் கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை.

ஆனால் எபிரெயர் 5:7 இந்த இரவைப் பற்றித்தான் பேசுகிறது என்று நினைக்கிறேன். பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் வேண்டுதல் செய்தார், அது கேட்கப்பட்டது என்கிறது. இந்த வசனம் வருஷக்கணக்காக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. மறுநாளே சிலுவையில் அறைந்தார்களே, எப்படிக் கேட்கப்பட்டது? லூக்காவில் ஒரு பதில் இருக்கிறது. ஒரு தூதன் வந்து அவரைப் பலப்படுத்தினான். அதற்கு அடுத்த வசனத்தைப் பாருங்கள். வியாகுலம் குறைந்துவிட்டது என்று எழுதியில்லை. மிகவும் வியாகுலப்பட்டு அதிக ஊக்கத்தோடே ஜெபம்பண்ணினார் என்றிருக்கிறது. தூதன் கொண்டுவந்த பலம், இன்னும் ஜெபிப்பதற்கான பலம். அதற்குப் பிறகுதான் எழுந்து, தன்னைப் பிடிக்க வந்தவர்களை நோக்கிப் போனார். பிதா காதை மூடிக்கொள்ளவில்லை என்பதற்கு அந்தத் தூதன் சாட்சி. கேட்டது கிடைக்காத இடத்திலும் கேட்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தெரியாது. என் வாழ்க்கைக்கு இது போதும். பாறையில் கைவைத்துக்கொண்டு அதையே சொன்னேன்.

பிற்பகல் சீயோன் மலைச் சரிவில் பரிசுத்த பேதுரு காலிகாந்து ஆலயம், பேதுரு மறுதலித்தபோது சேவல் கூவிய இடம் என்பது மரபு. பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு இதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆலயத்துக்கு அடியில் பாறையில் குடைந்த ஒரு குழி இருக்கிறது. கூரையில் ஒரு துளை. கைதிகளை அதன் வழியாகக் கயிற்றில் இறக்கியிருப்பார்கள் என்கிறார்கள். இப்போது படி இருக்கிறது. குழிக்குள் ஒரு தாங்கியில் சங்கீதம் 88-ஐப் பல மொழிகளில் வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் தங்கள் மொழியில் வாசிக்கலாம்.

போதகர் ஐயா யாராவது வாசியுங்கள் என்றார். அக்கா கைப்பையிலிருந்து தன் வேதாகமத்தை எடுத்தாள்.

88-ஆம் சங்கீதத்தைப் பெரும்பாலும் யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் எப்படியாவது கடைசியில் துதிக்கு வந்துவிடும். இது வராது. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்குவது ஒன்றுதான் வெளிச்சம், அப்புறம் கடைசிவரை இருட்டு. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்பதோடு முடிந்துவிடும். ஒரு பதிலும் வராது. பதில் வராத ஜெபத்தை அப்படியே பரிசுத்த வேதாகமத்தில் வைத்திருக்கிறாரே என்று நினைத்தாலே எனக்குத் தேவன்மேல் அன்பு கூடுகிறது.

அக்கா நிதானமாக வாசித்தாள். 14-ஆம் வசனத்தில், கர்த்தாவே ஏன் என் ஆத்துமாவைத் தள்ளிவிடுகிறீர் என்று வரும் இடத்தில் குரல் உடைந்தது. யாரும் அவளிடமிருந்து புத்தகத்தை வாங்கவில்லை. அவளே முடித்தாள். முடித்த பிறகும் புத்தகத்தை மூடாமல், சாதாரணமாகப் பேசுகிற குரலில், "ஆண்டவரே, எனக்கு இன்னும் புரியலை. நீங்க எதுக்காக அப்படிச் செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். இருபது பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தோம். அத்தான் போன பிறகு அவள் ஆண்டவரிடம் ஒன்றைக் கேட்டு நான் கேட்டது அப்போதுதான்.

வெள்ளி: எய்ன் கரேம்

கடைசி நாள், பாதி நாள்தான் கையில் இருந்தது. எருசலேமுக்கு மேற்கே மலைச்சரிவில் பச்சைப்பசேல் என்று ஒரு ஊர். சகரியாவும் எலிசபெத்தும் வாழ்ந்த ஊர் என்று கிறிஸ்தவ மரபு இதைக் கொண்டாடுகிறது. கீழே யோவான் ஸ்நானகன் பிறந்த இடத்தில் ஓர் ஆலயம், மேலே மரியாள் வந்து எலிசபெத்தைச் சந்தித்ததன் நினைவாக ஓர் ஆலயம். நடுவில் நிறையப் படிகள்.

பிள்ளையில்லாமலே முதிர்ந்துபோன சகரியாவிடம், உனக்கு ஒரு மகன் பிறப்பான், "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது" என்று தூதன் சொன்னான். அவர் அதை நம்பவில்லை. அந்த ஜெபத்தை அவர் எப்போதோ விட்டிருப்பார். அவர் விட்ட ஜெபம் அங்கே இன்னும் உயிரோடுதான் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை நாங்கள் ஏறிய மக்கேரஸ் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. இங்கே தாமதமாய்க் கேட்கப்பட்ட ஜெபம்தான் அந்தப் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் அங்கே விடுதலை கிடைக்காமல் இறந்தது. பதில் கிடைத்த வீடு, கிடைக்காத வீடு என்று நாம் இரண்டு பட்டியல் போடுகிறோமே, சகரியாவின் குடும்பத்தை எந்தப் பட்டியலில் எழுதுவது?

எங்கள் குழுவில் ஓர் இளம் தம்பதி இருந்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தையில்லை, சிகிச்சை நடக்கிறது. இந்த ஊருக்கு வருவதற்காகவே அவர்கள் இந்தப் பயணத்தில் சேர்ந்திருந்தார்கள். மேலே ஆலயத்தில் அந்தப் பெண் முழங்காலில் நின்றவள் எழுந்திருக்கவே இல்லை. வெளியே வந்ததும் ஒருவர், "எலிசபெத்துக்குச் செய்தவர் உங்களுக்கும் நிச்சயம் செய்வார், அடுத்த வருஷம் குழந்தையோட வருவீங்க" என்றார். அன்பில்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் வாடியது. இதே வாக்குறுதியை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பாளோ.

அக்கா அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்ம்மா, எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா உனக்காகக் கேட்பேன்."

"ஆன்ட்டி, எனக்கே சில நாள் கேட்க வரமாட்டேங்குது" என்றாள் அந்தப் பெண்.

"அந்த நாள்ல நீ கேட்க வேண்டாம். நான் கேட்கிறேன். அடுத்து எப்போ டாக்டரைப் பார்க்கப் போறீங்க?"

பெண் தேதியைச் சொன்னாள். அக்கா வேதாகமத்தின் பின்பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஜெபக்குறிப்பு எழுதும் தாள்கள், பழைய எழுத்து நிறைய இருந்தது, அத்தானுடைய அறுவை சிகிச்சைத் தேதியும் அதில் இருந்திருக்க வேண்டும். வெற்றுப் பக்கமாகத் தள்ளி, என்னிடம் பேனா வாங்கி, அந்தப் பெண்ணின் பெயரையும் அவள் கணவர் பெயரையும் தேதியையும் எழுதினாள். "காலையில எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள். ஒன்பது மணி என்றாள் பெண். "சரி, நான் அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சுடுறேன். முடிஞ்சதும் எனக்குப் போன் பண்ணு, என்ன சொன்னாலும் பண்ணு" என்று தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தாள். கீழே ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்துக்கு நேரமாகிவிட்டது.